பெரிய சிட்டு தலைக்குள்ள ஒரு பொட்டலம்

அந்தப் பையத் தொடாதிய அண்ணாச்சி.

நீங்க எடுத்துக்கிட்டுப் போயிருவியன்னு சொல்லல. தள்ளி வைக்கத்தான் கை நீட்டுனிய, பாத்தேன். நானே தள்ளி வச்சுக்கிடுதேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். சன்னல் பக்கம் நகந்து உக்காருங்க. மட்டையெல்லாம் மடியிலயே இருக்கட்டும். ஷட்டில் மட்டைதானே? விளையாட்டு வாத்தியாரா? நெனச்சேன், கழுத்துல விசில் தொங்குதே.

எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நானும் அங்கனதான். ஆத்துக்கு. குளிக்க இல்ல. ஓடுற தண்ணியில ஒரு சாமானப் போடணும், அவ்வளவுதான்.

என்ன சாமான்னு கேக்க மாட்டேங்கியளே. எல்லாரும் கேப்பாங்க. கேக்காத ஆளப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.

எம்பேரு செண்பகராசு. மைக்செட் செண்பகம்னா எங்க பக்கத்துல தெரியாத ஆளு கிடையாது. எந்த ஊருன்னு கேக்காதிய. மானூருக்கு மேக்கன்னு வச்சுக்கிடுங்க. அதுக்கு மேல சொன்னா நீங்க யார்கிட்டயாவது சொல்லிருவிய. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கச்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம மைக்செட்டுதான். செட்டு மட்டுமில்ல, குரலும் நம்மதான். எந்தக் குரல் வேணும் உங்களுக்கு? இந்தா, கண்டக்டரு. "அடுத்த ஸ்டாப்பு எறங்குறவுகல்லாம் முன்னாடி வாங்கோ, தூங்குறவுகள எழுப்பிக் கூட்டிட்டு வாங்கோ!" பாருங்க, பாருங்க, பின் சீட்டு அம்மா கூடையத் தூக்கிட்டு எந்திரிச்சிட்டா! உக்காருங்கம்மா, நாந்தான். கண்டக்டரு மொறைக்காரு. மொறைக்கட்டும்.

எனக்கு ஒரு மச்சான் உண்டு அண்ணாச்சி. பொன்னுலிங்கம். எம் பொண்டாட்டி சுப்புத்தாயிக்குக் கூடப்பொறந்த அண்ணன். எங்கூரு பள்ளிக்கூடத்துல லேப் அட்டெண்டர். முப்பத்தோரு வருசம் சர்வீஸ், இந்த மாசத்தோட ரிட்டயர். ஆளு தங்கம். ஒரே ஒரு கொறை, பேச்சு திக்கும். "ம...ம...மாப்ள, ச...ச...சாப்ட்டாச்சா"ம்பாரு. அவரு கேட்டு முடிக்கதுக்குள்ள நான் சாப்ட்டு எந்திரிச்சிருவேன். எப்படி? அப்படியே இருக்கா? அவரு குரல் அவர விட எனக்கு நல்லா வரும்.

அவருக்கு ராக்கெட்டுக் கிறுக்கு. தீபாவளி ராக்கெட்டு இல்ல, இதுக்குக் குச்சி கிடையாது. ஒண்ணரை அடி அட்டைக் குழாயி, கீழ மூணு றெக்கை, மேல நம்ம ஒலிபெருக்கிக் கூம்பு மாதிரி கூரா ஒரு மரத்தலை. எப்பவோ கண்காட்சிக்கு வந்தவுக வச்சிருந்ததப் பாத்துட்டு அவரே செஞ்சது. சிட்டுன்னு பேரு. வருசா வருசம் அறிவியல் தினத்தன்னைக்கு வயித்துல புதுசா மருந்துக் குழாய் வச்சு விடுவாரு. சொய்ங்னு போகும். உச்சியில தலை கழண்டு ஒரு குட்டிக் குடை விரியும். ஆடி அசைஞ்சு எறங்கும். பொண்டாட்டியக்கூட அப்படித் தொடச்சிப் பாத்துக்கிட்டது இல்ல மனுசன், சிட்டுன்னா உசுரு.

பதினெட்டு வருசமா சிட்டுக்கு மைக்குல எண்ணினது யாரு? நான். பத்து, ஒம்பது, எட்டு. சும்மா எண்ண மாட்டேன். ஒம்பது தலைமையாசிரியர் குரல்ல, எட்டு தலையாரி குரல்ல, ஏழு எங்கூரு பால்க்காரரு. சனம் ராக்கெட்டப் பாக்கவா வருது? என்னைக் கேக்கத்தானே வருது.

போன வருசம் புதுசா ஒண்ணு பண்ணுனேன். பத்துலேருந்து கடைசி வரைக்கும் மச்சான் குரல்லயே எண்ணினேன். "ப...ப...பத்து. ஒ...ஒ...ஒம்பது." மைதானமே உருண்டுட்டு அண்ணாச்சி! "ந...ந...நா..."ன்னு நான் நாலுல நிக்கேன், சிட்டு அதுபாட்டுக்கு மேல போயிட்டு! அதுக்கு ஒரு கைதட்டு. ஜெசிந்தா டீச்சர், அவுகதான் எச்.எம்., அவுககூட முந்தானைய வாயில பொத்திக்கிட்டாங்க. மச்சானும் சிரிச்சாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டு சிரிச்சாரு. கீழ என்னமோ விழுந்த மாதிரி ரொம்ப நேரம் தரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் சுப்புத்தாயி தட்ட டொம்முனு வச்சா. தலைவலி போலன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறந்தான் எல்லாம் ஆரம்பிச்சுது.

ரிட்டயர் ஆகப் போற வருசம்லா, சிட்டு மாதிரியே பெரிய சிட்டு செய்யப் போறேன்னாரு. நாலு மடங்கு. ஆறு அடி! நல்ல விசயந்தானேன்னு நானும் கூட நின்னேன். துணிக்கடையில துணி சுத்தி வருமே, தடி அட்டைக் குழாயி, அத நாந்தான் கேட்டு வாங்கித் தந்தேன். கட்டில் கால் கடையிற ஆசாரிகிட்டக் கல்யாண முருங்கை மரத்தக் குடுத்து தலையக் கடைஞ்சு வாங்குனாரு, ஏன்னா அது தக்கை மாதிரி லேசா இருக்கும். றெக்கைக்குப் பரீட்சை அட்டை. குடைக்கு, நெசக் குடைத் துணியே நாலு. மருந்துக்கு லைசென்ஸ் வச்சிருக்க வாணக்காரரு. எல்லாத்தையும் நாலு மடங்கு, நாலு மடங்குன்னு நூலப் பிடிச்சு அளந்தாரு. சிட்டு மூக்குல ஒரு வெடிப்பு இருக்கும், நாலு மடங்கா அந்த வெடிப்பையும் போடுவியளா மச்சான்னு கேட்டேன். சிரிச்சாரு. அப்பல்லாம் சிரிச்சாரு.

பொறவு ஒருநாளு என்னைத் தனியாக் கூப்ட்டு, "மாப்ள, இந்தத் த...த...தடவ ம...மைக்குல நீங்க எ...எண்ண வேண்டாம். ந...ந...நா..." ன்னு இழுத்தாரு. எனக்கு ரோசம் வந்துட்டு. "சரி மச்சான், ந...ந...நாலு மணிக்கு எனக்கு வேலை இருக்கு"ன்னு அவரு மாதிரியே சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். மீதி என்ன சொல்ல வந்தாரோ, யாருக்குத் தெரியும்? வேற மைக்செட்டு வச்சிருப்பாரு. அதத்தான் சொல்ல வந்திருப்பாரு.

அன்னையிலேருந்து லேப்ப உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. தாழ்ப்பாள் எதுக்கு? நேர்மையான ஆளுக்குத் தாழ்ப்பாள் எதுக்குங்கேன்.

ஒருநாளு சன்னலுக்கு வெளிய நின்னு காதக் குடுத்தேன். உள்ள மொணமொணன்னு சத்தம். சொன்னதையே சொல்லுதாரு, முடிஞ்சதும் திரும்ப முதல்லேருந்து. ஒவ்வொரு தடவையும் "நாலு... நாலு... நாலு"ன்னு ஒரு எடத்துல நின்னு நின்னு வருது. யாருக்கு மந்திரம் போடுதாருன்னு புரிஞ்சிட்டு. என் நட்சத்திரம் ரோகிணி. அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. எத்தனாவது? எண்ணிப் பாருங்க. நாலு!

சரி, மனப்பிராந்தியா இருக்கும்னு விட்டேன். அடுத்த வாரம் கொளத்துப் பக்கம் போறேன். தண்ணி வத்திக் கெடக்கு, ஆள் நடமாட்டம் கிடையாது. நடுவுல மச்சான் நிக்காரு. சின்னச் சிட்ட நூல்ல கட்டி, தலைக்கு மேல சுத்துதாரு. வலதுகைப் பக்கமா ஒரு சுத்து, நிப்பாட்டிப் பாக்காரு, தலையக் கழத்தி என்னமோ வைக்காரு, மறுபடி சுத்துதாரு. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, ஒரு பொருளக் கையில வச்சு தலையச் சுத்துனா என்ன அர்த்தம்? எலுமிச்சம்பழத்தச் சுத்துவாங்க, தேங்காயச் சுத்துவாங்க. ராக்கெட்டச் சுத்துனவர எங்கயாவது பாத்திருக்கியளா?

அந்த மாசத்துலதான் எனக்குத் தொண்ட கட்டிக்கிட்டு. சடங்கு வீட்டுல மைக்கப் பிடிச்சா காத்துதான் வருது. டாக்டரு பீடிய விடுங்கன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? வாய்க்கட்டுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஆகாதவன் வாயக் கட்டிப்போடுத மந்திரம். திக்குவாய்க்காரரு ஒருத்தரு, நல்லாப் பேசுதவன் வாயக் கட்டணும்னு நெனைக்க மாட்டாரா? நான் அவரு எடத்துல இருந்தா நெனைப்பேன்.

அவரு எதுக்கு நெனைக்கணுங்கியளா? நான் அவருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணல. அதான் எனக்கும் வெளங்கல.

இன்னும் கேளுங்க. சுப்புத்தாயிகிட்ட ஒரு செவப்புத் துணி கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு. செவப்பு! பொறவு சைக்கிள் கடையில கை நெறைய பால்ரஸ் குண்டு, சக்கரத்துக்குள்ள உருளுமே அந்த இரும்புக் குண்டு. அத எங்க கொண்டு போனாரு தெரியுமா? நகைக் கடைக்கு. பவுனு நிறுக்கத் தராசுல பால்ரஸப் போட்டு, ஒண்ணு எடுத்து, ஒண்ணு வச்சு, ஒண்ணு எடுத்து, ஒண்ணு வச்சு... கடைக்காரரு எங்கிட்டச் சொல்லிச் சிரிக்காரு. நான் சிரிக்கல.

இன்னைக்குத்தான் விடுதாங்க. பதினோரு மணிக்கு. ஊரே கூடுது, தீயணைப்பு ஜீப்பு வருது, பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகல்லாம் வருது. நேத்தே பெரிய சிட்ட மைதானத்துல கம்பியில மாட்டி, தார்ப்பாயப் போத்தி நிப்பாட்டியாச்சு. காலைல ஆறு மணிக்கு மச்சான் வாணக்காரரக் கூப்புடப் பைக்குல போனாரு. நான் போனேன். தார்ப்பாய விலக்கி, ஸ்டூல் போட்டு ஏறி, தலையத் திருகினேன். வந்துட்டு. உள்ள கைய விட்டா...

செவப்புத் துணிப் பொட்டலம். நூல் சுத்தி, பசை வச்சு ஒட்டி. உள்ள பால்ரஸ் குண்டு. கூட ஒரு சீட்டு. எனக்குப் படிப்பு கம்மி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "பெரிய சிட்டு. 412. எடுக்கக் கூடாது."

எடுக்கக் கூடாதாம்! எடுத்தா யாருக்கு நட்டம்? வச்சவருக்கு! எடுத்துட்டேன். தலையப் பழையபடி திருகி வச்சுட்டு, தார்ப்பாய மூடிட்டு, பத்து மணி பஸ் வரவரைக்கும் ஒளிஞ்சு கெடந்து ஏறிட்டேன். இந்தா, பையில இருக்கு. இந்த மாதிரிச் சாமான ஓடுற தண்ணியிலதான் விடணும், கெணத்துல போடக் கூடாது.

மச்சானுக்கும் நான் நல்லதுதான் பண்ணிருக்கேன். அவரு ஆசப்பட்டுச் செஞ்சது ஒசரமாப் போகட்டுமே. மேல போற சாமானுக்குள்ள எவனாவது அரைக்கிலோ இரும்ப வைப்பானா? கழுத்துல கல்லக் கட்டிக்கிட்டு மரம் ஏறுவானா ஒருத்தன்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.



எதுக்கு இப்பம் டப்பாவத் திறக்கிய? ஷட்டில் காக்கு, எறகுப் பந்தா? விளையாடுத எடமா இது? சரி, பாக்கேன். மேல தூக்கிப் போடுதிய. தலை கீழ திரும்பி நேரா வருது. வரும், எப்பவும் அப்படித்தான் வரும். இப்பம் என்ன, தக்கையப் பிய்க்கிய? புது காக்கு அண்ணாச்சி! சரி, உங்க சாமான். வெறும் எறகு மட்டும். போடுங்க.

எங்க போவுது அது? முன் சீட்டு அய்யா தலையில போய்... மன்னிச்சுக்கிடுங்கய்யா, வாத்தியாரு பாடம் நடத்துதாரு. இன்னொரு தடவ போடுங்க. இப்பம் பொறத்தால போவுது. பல்டி அடிக்குது.

தக்கை இருந்தாத்தான் நேராப் போகுமா? முன்னாடி கனம் இருக்கணுமா? எல்லாத்துக்குமா? ஈட்டிக்குமா?

இருங்க. நீங்க யாரு? இல்ல, நீங்க யாருங்கேன். இத்தன சீட்டு காலியாக் கெடக்கும்போது எம் பக்கத்துல வந்து ஏன் உக்காந்திய? மச்சானுக்கு நீங்க என்ன வேணும்? அவரு அனுப்பிவிட்டாரா உங்கள? ஷட்டில் காக்கோட?

நெசமாவே டோர்னமெண்டா. சரி, சரி. கோவப்படாதிய.

அண்ணாச்சி. ஒரு விசயம். எட்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ சின்னச் சிட்டு நேராப் போகல. கோணிக்கிட்டு வாகை மரத்துக்குள்ள போய்ச் சொருகிட்டு. நான் மைக்குல, சிட்டுக்குப் பொண்ணு பாத்தாச்சுன்னேன், ஒரே சிரிப்பு. மச்சான் மட்டும் மரத்துல ஏறி எடுத்து, தலையக் கழத்திப் பாத்துட்டு "மெ...மெ...மெழுகு"ன்னாரு. உள்ள இருந்த மெழுகு உருண்டை வெயில்ல உருகி ஒழுகிப் போச்சாம். நான் அந்த "மெ...மெ"யப் பிடிச்சுக்கிட்டேன், ஆடு மாதிரி கத்திக் காட்டினேன். அவரு என்ன சொன்னாருன்னு கேக்கல.

அதுக்குத்தான் நூல்ல கட்டிச் சுத்திப் பாத்தாரோ? நேராப் போவுதான்னு? சீட்டுல இருந்த 412, கிராம் எடையா?

இப்பம் மணி என்ன? பதினொண்ணுக்கு அஞ்சு நிமிசந்தான் இருக்கா? அங்க கயித்துக்கு அந்தப் பக்கம் ஊரே நிக்கும். பிள்ளைக முன்னாடி நிக்கும். ஆறு அடி அண்ணாச்சி அது. அது பல்டி அடிச்சா...

உங்க போனக் குடுங்க. என் நம்பரப் பாத்தா அவரு எடுக்க மாட்டாரு, ஒரு மாசமா எடுக்கல. எங் குரல் கேட்டாலும் வச்சிருவாரு. இருங்க, ஜெசிந்தா டீச்சர் குரல்ல பேசிருதேன். அவுக சொன்னா நிப்பாட்டிருவாரு. க்ஹும். அடிக்குது. "ஹலோ, பொன்னுலிங்கம்? நான் எச்.எம். பேசறேன். ராக்கெட்ட இப்ப விட வேண்டாம், என்ன, கொஞ்சம் நிறுத்தி வைங்க..."

என்னது?

டீச்சர் அவரு பக்கத்துலயே நிக்காங்களாம்.

மச்சான், மச்சான், நாந்தான். வைக்காதிய. நான்... நா... நா... அந்த... ப... ப... பொ...

வச்சிட்டாரு.

நான் வேணும்னு பண்ணல அண்ணாச்சி! நெசமாவே வரல எனக்கு. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. பொட்டலம்னு சொல்ல வந்தேன், வாய் தொறக்குது, சத்தம் வரல. அவரு என்ன சொன்னாரு தெரியுமா வைக்கும்போது? "இ...இன்னைக்குமா மாப்ள?"ன்னாரு. இன்னைக்குமான்னு கேட்டுட்டாரு.

நீங்க பேசுங்க. உங்க குரல்ல பேசுங்க. நீங்க யாரு மாதிரியும் பேச வேண்டாம், உங்களுக்கு என்ன வருமோ அதப் பேசுங்க. தலைக்குள்ள பொட்டலம் இல்ல, பஸ்ஸுல இருக்குன்னு சொல்லுங்க. யாரு எடுத்ததுன்னு கேட்டா எம்பேரச் சொல்லாதிய. இல்ல, சொல்லுங்க. சொன்னாத்தான் நம்புவாரு.

எடுக்கலையா? திரும்ப அடிங்க. அடிச்சுக்கிட்டே இருங்க.

எடுத்துட்டாரா! சொல்லுங்க, சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அங்க கூட்டம்.

என்ன சொல்லுதாரு? நாலா? என்ன நாலு?

அவரேவா? மைக்குலயா? எச்.எம். இல்ல, வேற மைக்செட்டுக்காரன் இல்ல, அவரே எண்ணினாரா? பத்து, ஒம்பது, எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு எல்லாம் சுத்தமா வந்துட்டாமா? நாலுல மாட்டிக்கிட்டு நின்னாராமா. நிக்கும்போது பையில போன் அடிச்சுதாமா.

அப்பம் லேப்புக்குள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு...

அன்னைக்கு "ந...ந...நா"ன்னு இழுத்தாரே அண்ணாச்சி. நானே எண்ணிக்கிடுதேன்னு சொல்ல வந்திருக்காரு. ஒரு நிமிசம் ஆகியிருக்குமா அவரு சொல்லி முடிக்க? நான் வண்டிய எடுத்துட்டேன்.

கொண்டாரச் சொல்லுதாரா? எல்லாரும் அப்படியே நிக்காங்களா? வாரேன்னு சொல்லுங்க, வாரேன், வாரேன். யோவ் கண்டக்டரு, வண்டிய நிறுத்தும்யா! நான் எறங்கணும். நெசமாத்தான்யா எறங்கணும், மிமிக்ரி இல்லய்யா! பாருங்க, நம்ப மாட்டேங்காரு. டிரைவரும் திரும்பிப் பாத்துச் சிரிக்காரு. அண்ணாச்சி, உங்க விசில ஊதுங்க. நீங்க ஊதுனாத்தான் நிக்கும்.

நின்னுட்டு. பைய எடுத்துக் குடுங்க. இப்பம் தொடலாம், ஒண்ணும் ஆகாது, பால்ரஸ்தானே. எதிர்ப் பக்கம் எந்த வண்டி வந்தாலும் கைய நீட்டி ஏறிருவேன்.

வேற ஏதும் சொன்னாரா அவரு? ரொம்ப நேரம் காதுல வச்சிருந்தியளே, என்னைப் பத்தி என்ன சொன்னாரு? ஏன் சிரிக்கிய? சரி, சொல்ல வேண்டாம். மறுபடியும் பத்துலேருந்துதான் எண்ணுவாரு போல. எண்ணட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எண்ணட்டும். நான் ஓரமா நிப்பேன். ஒரு எழுத்துகூட வாயத் தொறக்க மாட்டேன் அண்ணாச்சி, சத்தியமா.

என்ன, நம்பாத மாதிரி பாக்கிய?